ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியலாளரும் எழுத்தாளரும் ஆவார். மில்லிமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உருவாக்கி அவற்றின் பண்புகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். 1900 முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை, உயிருள்ள திசுக்கள் தூண்டலுக்கு எவ்வாறு துலங்குகின்றன என்பதை மின்முறையில் அளந்தார். விலங்கின் நரம்பிழையில் ஓடும் மின்துடிப்பைப் போன்ற ஒன்று தாவரங்களிலும் ஓடுகிறது என்பது இவ்வாய்வுகளின் மையக் கருத்தாகும்.

தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் போஸ் என்று பொது அறிவு நூல்கள் பலவற்றில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இது சரியன்று. தாவரங்கள் உயிருள்ளவை என்பது போசுக்கு மிக முன்பே அறியப்பட்டிருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவு உயிர்களாக வகுத்துள்ளது. தாவரத்தில் தூண்டல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் முறையைக் கருவிகளால் அளந்து, நரம்புக்குச் செய்யப்படும் அதே சோதனைகளுக்கு அதனை உட்படுத்தியதே போசின் பங்களிப்பாகும்.

இளமையும் கல்வியும்

போஸ் அன்றைய வங்காள மாகாணத்தில், தற்போதைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். இவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர் விக்கிரமபுரம் பகுதியில் உள்ள ராரிக்கால் ஆகும். தந்தை பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் இருந்தவர். பிரம்ம சமாசத்தைச் சேர்ந்தவர். தாயார் பாமா சுந்தரி.

அக்காலத்தில் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கு உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு போஸ் படித்தார். செடிகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் அவர்கள் கூறிய செய்திகள் தமக்கு இயற்கையின்மீது ஆர்வத்தை ஏற்படுத்தியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

1869 இல் கொல்கத்தாவின் ஹேர் பள்ளியிலும் பின்னர் புனித சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் இயற்பியல் கற்பித்த யூஜீன் லாஃபோன் அடிகளார் வகுப்பில் சோதனைகளைச் செய்து காட்டிக் கற்பிப்பவர். சோதனை இயற்பியலில் போசுக்கு ஈடுபாடு உண்டானதற்கு இவரே காரணமாவார்.

1880 இல் மருத்துவம் படிப்பதற்காக இலண்டன் சென்றார். தொடர்ந்த காய்ச்சலாலும், உடற்கூற்றியல் அறையின் நெடியால் உடல்நிலை மேலும் கெட்டதாலும் மருத்துவப் படிப்பைக் கைவிட நேர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு ராலே பிரபு இயற்பியலிலும், மைக்கேல் ஃபாஸ்டர் உடலியங்கியலிலும், பிரான்சிஸ் டார்வின், சிட்னி வைன்ஸ் ஆகியோர் தாவரவியலிலும் இவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். ஒரே மாணவர் இம்மூன்று துறைகளிலும் பயிற்சி பெற்றது பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று. 1884 இல் கேம்பிரிட்ஜிலும் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பட்டங்கள் பெற்றார்.

ஆசிரியப் பணி

1885 இல் நாடு திரும்பிய போஸ் கொல்கத்தாவின் பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் ஒரே பணியில் இருந்த ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே இவருக்குக் கிடைப்பதாக இருந்தது. போஸ் பணியைவிட்டு விலகவில்லை. ஊதியத்தைப் பெற மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். தந்தையின் கடன்களால் குடும்பம் இடர்ப்பட்ட காலம் அது. இறுதியில் கல்லூரி நிருவாகம் பணியை நிரந்தரமாக்கி, கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து முழு ஊதியத்தையும் வழங்கியது.

1887 இல் அபலா தாசை மணந்தார். அபலா மருத்துவம் பயில்வதற்காக வங்காள அரசின் உதவித்தொகையுடன் 1882 இல் சென்னை வந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் ஊர் திரும்பினார். பிற்காலத்தில் பெண்கல்விக்காகப் பெரும்பணி ஆற்றினார்.

சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோர் பிரெசிடென்சி கல்லூரியில் போசின் மாணவர்களாக இருந்தனர். 1915 இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

மின்காந்த அலை ஆய்வுகள்

1894 இல் போஸ் மின்காந்த அலைகள் பற்றிய ஆய்வுகளைத் தொடங்கினார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு சிறு அறை மட்டுமே. கருவிகளை உள்ளூர்த் தொழிலாளர்களைக் கொண்டு தாமே வடிவமைத்தார். ஹென்ரிக் ஹெர்ட்ஸ் முதலியோர் பயன்படுத்திய அலைகள் மீட்டர் கணக்கில் நீளமானவை. போஸ் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரை அலைநீளம் குறைந்த அலைகளை உருவாக்கி, ஒளியைப் போலவே அவை எதிரொளிப்பு, விலகல், முனைவாக்கம் ஆகிய பண்புகளைக் காட்டுவதை மெய்ப்பித்தார். கொல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில், சுவர்களைக் கடந்து சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவ்வாய்வுகள் பற்றி உரையாற்றினார்.

கலீனா எனப்படும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு இவர் அமைத்த அலை உணரிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திப் பண்பைப் பயன்படுத்திய தொடக்ககாலக் கருவிகளுள் இது ஒன்று. கண்டுபிடிப்புகளால் பொருளீட்டுவதில் போசுக்கு விருப்பம் இருக்கவில்லை. நிவேதிதை, சாரா புல் ஆகிய நண்பர்களின் வற்புறுத்தலாலேயே இக்காப்புரிமை பெறப்பட்டது.

இயற்பியலிலிருந்து உடலியங்கியலுக்கு

அக்காலத்தில் மின்காந்த அலைகளை உணர்வதற்கு உலோகத் துகள்களால் ஆன கோகரர் என்னும் கருவி பயன்பட்டது. அலை மோதும்போது துகள்களின் மின்தடை மாறும். இக்கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் உணர்திறன் குறைவதையும், சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் போஸ் கண்டார். அவர் வரைந்த வரைபடங்கள் களைப்புற்ற தசையின் வரைபடங்களை ஒத்திருந்தன. இந்த ஒற்றுமையே அவரை உடலியங்கியலுக்கு அழைத்துச் சென்றது.

அடுத்து வெள்ளீயம் முதலிய உலோகக் கம்பிகளை முறுக்கியும் தட்டியும் தூண்டி, அவற்றில் எழும் மின்னழுத்த மாற்றத்தைக் கால்வனோமீட்டரால் அளந்தார். சில வேதிப்பொருள்கள் இத்துலங்கலை மிகைப்படுத்தின. ஆக்சாலிக் அமிலம் போன்றவை அதனை ஒடுக்கின. உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே துலங்கலில் தொடர்ச்சி உண்டு என்னும் முடிவுக்குப் போஸ் வந்தார். 1900 இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டு இயற்பியல் மாநாட்டில் இக்கருத்தை முன்வைத்தார்.

நரம்பும் மின்சாரமும்: அக்கால அறிவு

போசின் தாவர ஆய்வுகளைப் புரிந்துகொள்ள, நரம்பைப் பற்றி அன்று அறியப்பட்டிருந்தவற்றை நோக்குதல் வேண்டும்.

இத்தாலியரான லூயிஜி கால்வானி, தவளைக் காலின் நரம்பை உலோகங்களால் தொடும்போது தசை துடிப்பதை ஆராய்ந்து 1791 இல் வெளியிட்டார். 1840களில் ஜெர்மனியின் எமில் டு புவா-ரேமோன், நரம்பு கிளர்வுறும்போது அதில் மின் மாற்றம் நிகழ்வதைக் கால்வனோமீட்டரால் காட்டினார். 1850 இல் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பை, தசைக்கு அருகிலும் தொலைவிலுமாக இரு இடங்களில் தூண்டினார். தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டிலிருந்து, துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்தில் செல்வதைக் கணக்கிட்டார். கம்பியில் செல்லும் மின்னோட்டத்தைவிட இது மிக மெதுவானது. எனவே நரம்பிழை வெறும் மின்கம்பி போன்றதன்று என்பது தெளிவாயிற்று.

தாவரங்களைப் பொறுத்தவரை, 1873 இல் இங்கிலாந்தின் ஜான் பர்டன்-சாண்டர்சன், சார்லஸ் டார்வினின் வேண்டுகோளின்பேரில் வீனசு பூச்சிபிடிச் செடியின் இலையை ஆராய்ந்து, அது மூடும்போது மின் மாற்றம் உண்டாவதைக் கண்டறிந்தார். எனினும் இத்தகைய துலங்கல் கண்ணுக்குத் தெரியும்படி அசையும் சில செடிகளுக்கே உரியது என்று கருதப்பட்டது. தொட்டாற்சுருங்கியில் தூண்டல் பரவுவதை வில்ஹெல்ம் ஃபெப்பர், காட்லீப் ஹாபர்லாண்ட் ஆகிய தாவரவியலாளர்கள் நீரழுத்த மாற்றத்தால் விளக்கினர். நீர் நிரம்பிய குழாயின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் அழுத்தம் உணரப்படுவது போன்றது அவ்விளக்கம்.

இலண்டனில் எழுந்த எதிர்ப்பு

1901 மே மாதத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும், சூன் 6 அன்று ராயல் சொசைட்டியிலும் போஸ் தம் முடிவுகளைச் சோதனைகளுடன் விளக்கினார். அசையும் செடிகள் மட்டுமன்றி, சாதாரணக் காய்கறிகளின் தண்டும் வேரும்கூடத் தூண்டலுக்கு மின் துலங்கலைக் காட்டுகின்றன என்பது அவருடைய வாதம்.

ராயல் சொசைட்டிக் கூட்டத்தில் பர்டன்-சாண்டர்சன் இதனை எதிர்த்தார். தம் நீண்டகால ஆய்வில் சாதாரணத் தாவரங்களில் இத்தகைய துலங்கலைக் காண முடியவில்லை என்றும், துலங்கல் என்னும் உடலியங்கியல் சொல்லை மாற்றி மின் எதிர்வினை எனப் போஸ் குறிப்பிடலாம் என்றும் கூறினார். இயற்பியலாளர் ஒருவர் தம் துறைக்கு வெளியே வந்து பேசுகிறார் என்னும் மனக்குறையும் இவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது. சோதனைகளில் பிழை காட்டப்படாத நிலையில் சொல்லை மாற்ற இயலாது என்று போஸ் மறுத்தார். அவருடைய கட்டுரை அச்சிடப்படாமல் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது.

1902 இல் வைன்சின் ஆதரவுடன் இலண்டன் லின்னேயன் கழகத்தில் கட்டுரை படிக்கப்பட்டது. அதற்குள் அகஸ்டஸ் வாலர் என்னும் உடலியங்கியலாளர் இதனையொத்த முடிவுகளைத் தம்முடையனவாக வெளியிட்டிருந்ததால், முதன்மை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. போசின் 1901 ஆம் ஆண்டு உரைகளைக் கருத்திற்கொண்டு கழகம் அவர் பக்கம் முடிவு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ராயல் சொசைட்டிக்கு அனுப்பப்பட்ட தாவர ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவராமல் போயின. ஆகவே போஸ் தம் முடிவுகளை ஆய்விதழ்களில் வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டு பெரும் நூல்களாக வெளியிடத் தொடங்கினார். இந்நூல்களைச் செம்மைப்படுத்துவதில் நிவேதிதை பேருதவி புரிந்தார்.

இம்முடிவால் நன்மையும் தீமையும் விளைந்தன. நூல்கள் உலகெங்கும் படிக்கப்பட்டன. ஆனால் கட்டுரைகள் பிற அறிஞர்களால் மதிப்பிடப்பட்டுத் திருத்தம் பெறும் வாய்ப்பு குறைந்தது.

தொட்டாற்சுருங்கி ஆய்வுகள்

தமிழ்நாட்டின் வாய்க்கால் கரைகளிலும் வயல் ஓரங்களிலும் காணப்படும் தொட்டாற்சுருங்கிச் செடியே போசின் முதன்மையான ஆய்வுப் பொருளாயிற்று. இதன் இலைக்காம்பின் அடியில் அதைப்பு எனப்படும் புடைத்த பகுதி உள்ளது. தூண்டல் வந்து சேரும்போது அதைப்பின் கீழ்ப்பக்கச் செல்கள் நீரை இழந்து தளர்வதால் காம்பு கீழே சாய்கிறது. தவளையில் தசை எவ்வாறு துடிப்பின் வரவைக் காட்டுகிறதோ, அவ்வாறே இச்செடியில் காம்பின் சாய்வு காட்டுகிறது.

கருவி

இலைக்காம்பின் அசைவு மிக நுண்ணிய விசையுடையது. அசைவைப் பதியும் எழுதுகோல் புகை படிந்த கண்ணாடித் தகட்டில் உராய்ந்தால், அவ்வுராய்வே அசைவைத் தடுத்துவிடும். இதற்குத் தீர்வாகப் போஸ் ஒத்ததிர்வுப் பதிவுக்கருவியை உருவாக்கினார். இதில் எழுதுகோல் தகட்டைத் தொடர்ந்து தொடுவதில்லை. நொடிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில், எடுத்துக்காட்டாக 100 முறை, அதிர்ந்து புள்ளி புள்ளியாகத் தொடுகிறது. உராய்வு பெரிதும் நீங்குவதுடன், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் 1/100 நொடி என்பதால் தனியாகக் கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. செடியே தன் அசைவையும் நேரத்தையும் ஒருங்கே எழுதியது. அதிர்வெண்ணை உயர்த்தி 1/1000 நொடி வரையிலான காலத்தையும் அளக்க முடிந்தது.

வேகத்தை அளத்தல்

அதைப்பை நேரடியாகத் தூண்டினாலும் அது உடனே அசைவதில்லை. ஏறத்தாழ 1/10 நொடி தாமதிக்கிறது. காம்பில் சிறிது தொலைவில் தூண்டினால் தாமதம் இன்னும் கூடுகிறது. இரண்டாவது நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழித்தால் துடிப்பு காம்பின் வழியே பயணம் செய்த நேரம் கிடைக்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் கையாண்ட தருக்கத்தை ஒத்தது இம்முறை. தொட்டாற்சுருங்கியின் காம்பில் துடிப்பு நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் செல்வது தெரிந்தது. விலங்கு நரம்பைவிட இது மிகக் குறைவான வேகமாகும்.

நீரழுத்தமா, கிளர்வா?

வேகத்தை அளந்தது மட்டும் போதாது. பரவுவது நீரழுத்தமா, உயிருள்ள செல்களின் கிளர்வா என்பதே அடிப்படைக் கேள்வி. இதற்குப் போஸ் செய்த சோதனைகள் பின்வருமாறு:

- இயக்க அதிர்ச்சி எதுவும் தராத மெல்லிய மின்தூண்டலைக் காம்பில் செலுத்தினார். காம்பு நசுங்கவோ வெட்டப்படவோ இல்லை. எனவே நீரழுத்தம் மாற வாய்ப்பில்லை. ஆயினும் துடிப்பு பரவி இலை சாய்ந்தது.
- தூண்டிய இடத்துக்கும் அதைப்புக்கும் இடையில் காம்பின் ஒரு பகுதியைக் குளிர்வித்தார். துடிப்பு மெதுவாகி, மேலும் குளிர்ந்தபோது நின்றது. வெப்பம் வேகத்தைக் கூட்டியது.
- இடைப்பட்ட பகுதியில் பொட்டாசியம் சயனைடு போன்ற நஞ்சைத் தடவியபோது துடிப்பு கடந்து செல்லவில்லை. இறந்த குழாய் வழியாகவும் நீர் செல்லும். நஞ்சால் அது தடைப்படக் காரணமில்லை.
- இடைப்பட்ட பகுதியில் தொடர் மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தியபோது துடிப்பு தடைப்பட்டது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் காம்பு மீண்டும் துடிப்பைக் கடத்தியது.

இவை யாவும் விலங்கு நரம்புக்கு உடலியங்கியலாளர்கள் செய்துவந்த சோதனைகளே ஆகும்.

நரம்பிழையுடன் ஒப்பீடு

மேலும் பல ஒற்றுமைகளையும் போஸ் பட்டியலிட்டார். நரம்பில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போது எதிர்மின்வாயிலும், நிறுத்தும்போது நேர்மின்வாயிலும் கிளர்வு தோன்றும். தொட்டாற்சுருங்கியிலும் இவ்விதி பொருந்தியது. தனித்தனியே பயனற்ற மெல்லிய தூண்டல்களை அடுத்தடுத்துக் கொடுத்தால் அவை ஒன்றுகூடித் துலங்கலை உண்டாக்கின. போதிய அளவைத் தாண்டிய தூண்டல், சற்று வலியதாயினும் மெலியதாயினும், ஒரே அளவான துலங்கலைத் தந்தது. ஒருமுறை துலங்கிய இலை, தன்னிலைக்கு மீளும் வரை அடுத்த தூண்டலுக்கு முழுமையாகத் துலங்கவில்லை. முழு மீட்சிக்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் தேவைப்பட்டன.

துடிப்பு செல்லும் வழியை அறிய, நுண்ணிய மின்முனை ஒன்றைக் காம்பினுள் படிப்படியாகச் செலுத்தி ஒவ்வோர் ஆழத்திலும் மின் மாற்றத்தை அளந்தார். கடத்துதிசுக் கற்றையின் புளோயம் பகுதியில் அம்மாற்றம் மிகுதியாக இருந்தது. பெரணியின் இலைக்காம்பிலிருந்து கடத்துதிசுக் கற்றையை அறுபடாமல் உருவியெடுத்து, தவளையின் தனி நரம்பைப் போல அதனை மின்முனைகளில் பொருத்தியும் சோதித்தார். இத்தகைய கற்றைகளை அவர் தாவர நரம்பு என்றே அழைத்தார்.

தொழுகண்ணிச் செடியின் சிறு இலைகள் தூண்டல் இன்றியே தாமாக மேலும் கீழும் அசைகின்றன. இவ்வசைவின் மீது வெப்பம், ஈதர், நஞ்சு ஆகியவற்றின் விளைவுகளைப் பதிந்து, விலங்கின் இதயத் துடிப்புடன் ஒப்பிட்டார்.

தாவர வளர்ச்சியை அளக்க இவர் அமைத்த கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவி வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. காந்த முறையில் அமைந்த பிந்தைய வடிவம் 1 கோடி மடங்கு வரை பெரிதாக்கியது. வாலர் இக்கருவியின் நம்பகத்தன்மையை ஐயுற்றபோது, 1920 ஏப்ரலில் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அறிஞர் குழு முன்னிலையில் போஸ் அதனை இயக்கிக் காட்டினார். கருவி சரியாகச் செயல்படுகிறது என்று அக்குழுவினர் அறிவித்தனர். அதே ஆண்டில் போஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போஸ் ஆய்வு நிறுவனம்

போஸ் தம் 59 ஆம் பிறந்த நாளான நவம்பர் 30, 1917 அன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தம் சேமிப்புடன் பொதுமக்கள் அளித்த நன்கொடைகளையும் கொண்டு இதனை அமைத்தார். இயற்பியலும் உயிரியலும் ஒரே கூரையின்கீழ் ஆராயப்பட வேண்டும் என்பது நிறுவனத்தின் நோக்கம். நண்பர் இரவீந்திரநாத் தாகூர் திறப்பு விழாவுக்கெனப் பாடல் இயற்றினார். இந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது.

இவ்விழாவில் போஸ் ஆற்றிய உரையைச் சுப்பிரமணிய பாரதியார் ஜீவ வாக்கு என்ற பெயரில் தமிழில் மொழிபெயர்த்தார். பாரதியார் போசின் பெயரை வசு என்று எழுதினார்.

மறுப்புகளும் திறனாய்வும்

1916 இல் இத்தாலிய தாவரவியலாளர் உபால்டோ ரிக்கா, தொட்டாற்சுருங்கியின் தண்டைத் துண்டித்து, இரு துண்டுகளையும் நீர் நிரம்பிய குழாயால் இணைத்தார். ஒரு துண்டைக் காயப்படுத்தியபோது, குழாய்க்கு அப்பாலிருந்த இலைகளும் சாய்ந்தன. நீர்க் குழாயில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. ஆகவே காயத்திலிருந்து வெளிப்படும் வேதிப்பொருள் ஒன்று சைலத்தின் நீரோட்டத்துடன் சென்று தூண்டுகிறது என்று ரிக்கா முடிவு செய்தார். போஸ் இதனை ஏற்கவில்லை. 1926 இல் வெளியிட்ட நூலில், கடத்தப்படுவது நரம்புக் கிளர்வே என்று உறுதியாக வாதிட்டார்.

மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவது உட்புறச் செல்களின் துடிப்பால்தான் என்ற போசின் கருத்து நிலைபெறவில்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே முதன்மைக் காரணம் என்று 1894 இல் டிக்சன், ஜோலி ஆகியோர் முன்வைத்த கொள்கையே ஏற்கப்பட்டுள்ளது. உலோகங்களில் அவர் கண்ட துலங்கல்கள் இன்று உலோகப் பரப்பில் நிகழும் மின்வேதி மாற்றங்களாகக் கருதப்படுகின்றன. உயிரற்றவற்றுக்கும் உணர்வு உண்டு என்பதற்கு அவை சான்றாகா.

ஒற்றுமைகளை வலியுறுத்திய அளவுக்கு வேற்றுமைகளைப் போஸ் ஆராயவில்லை என்பது பொதுவான திறனாய்வாகும்.

இன்றைய அறிவியல் நோக்கில்

விலங்கின் நரம்பிழையில் துடிப்பு உண்டாகும் முறையை ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் கணவாய் மீனின் பெரு நரம்பிழையைக் கொண்டு ஆராய்ந்து 1952 இல் விளக்கினர். இதற்காக 1963 இல் நோபல் பரிசு பெற்றனர். ஓய்வில் உள்ள நரம்பிழைச் சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கும். தூண்டல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பின்னர் பொட்டாசியம் அயனிகள் வெளியேறி ஓய்வுநிலையை மீட்கின்றன. இம்மாற்றம் ஏறத்தாழ 1/1000 நொடியில் முடிந்து அடுத்த பகுதியைத் தூண்டுகிறது. இவ்வாறு ஒவ்வொரு பகுதியும் துடிப்பைப் புதிதாக உண்டாக்குவதால் அது தேயாமல் செல்கிறது.

தாவரத்திலும் சவ்வின் மின்னழுத்தம் மாறும் துடிப்பு உண்டு என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆயினும் அயனிகள் வேறு. தாவரச் செல்லில் கால்சியம் உட்புகுதல் தொடக்கமாக அமைகிறது. குளோரைடு வெளியேறுவதால் மின்னழுத்தம் மாறுகிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் மீள்கிறது. இத்துடிப்பு பொதுவாக நொடிக்கணக்கில் நீடிக்கும்.

போசுக்கும் ரிக்காவுக்கும் இடையிலான முரண்பாடும் தீர்ந்துவிட்டது எனலாம். 1935 இல் ஹௌவிங்க் என்பவர் தொட்டாற்சுருங்கியில் இருவகை மின் மாற்றங்கள் இருப்பதைக் காட்டினார். தொடுதல், குளிர்ச்சி போன்ற மெல்லிய தூண்டலால் எழுவது போஸ் கூறிய துடிப்பு; இது புளோயம் முதலிய உயிருள்ள செல்களின் வழியே செல்கிறது. காயம், நெருப்பு ஆகியவற்றால் எழும் மற்றொரு மாற்றம் சைலத்தின் வழியே பரவும் அழுத்த மாற்றத்தையும் வேதிப்பொருள்களையும் சார்ந்தது. இருவரும் வெவ்வேறு நிகழ்வுகளை அளந்துகொண்டு, ஒன்றே முழு உண்மை எனக் கருதினர்.

தாவரத்தில் நரம்பு உண்டா என்ற கேள்வி 2006 இல் தாவர நரம்பியல் என்னும் பெயரை ஆய்வாளர் சிலர் முன்மொழிந்தபோது மீண்டும் எழுந்தது. தாவரத்தில் நரம்புச் செல்லோ மூளையோ இல்லை என்பதால் இப்பெயர் பொருந்தாது என்று 2007 இல் 36 அறிவியலாளர்கள் கூட்டாக மறுப்புத் தெரிவித்தனர். 1901 இல் துலங்கல் என்ற சொல்லுக்கு எழுந்த எதிர்ப்புடன் இதனை ஒப்பிட்டு நோக்கலாம். துலங்கல் என்ற சொல்லைக் காத்ததில் போஸ் சரியாகவே இருந்தார் என்பதைக் காலம் காட்டியுள்ளது. நரம்பு என்ற சொல்லைப் பொறுத்தவரை, துடிப்பின் இயல்பில் அவர் கண்ட ஒற்றுமை மெய்யானது. உறுப்பின் அமைப்பில் அவ்வொற்றுமை இல்லை.

இறுதிக்காலமும் நினைவும்

போஸ் 1917 இல் சர் பட்டம் பெற்றார். வங்காள மொழியில் 1896 இல் இவர் எழுதிய சிறுகதை அம்மொழியின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1921 இல் வெளியான அவ்யக்தா என்னும் கட்டுரைத் தொகுப்பில் தம் ஆய்வுகளை எளிய வங்காளத்தில் விளக்கினார்.

நவம்பர் 23, 1937 அன்று, 79 வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருந்தபோது, கிரிடி நகரில் காலமானார். இந்நகரம் இன்று சார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது.

நிலவில் உள்ள பெருங்குழி ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கொல்கத்தாவுக்கு அருகில் சிப்பூரில் உள்ள இந்தியத் தாவரவியல் பூங்காவுக்கு 2009 இல் ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போசின் பெயர் இடப்பட்டது. இவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைப் பன்னாட்டு மின், மின்னணுப் பொறியாளர்கள் அமைப்பு 2012 இல் பொறியியல் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது.

முதன்மை நூல்கள்

தலைப்புகள் தமிழில் பொருள்பட இங்குத் தரப்பட்டுள்ளன. மூல நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை.

- உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் துலங்கல் (1902)
- தாவரத் துலங்கல் (1906)
- ஒப்பீட்டு மின்னுடலியங்கியல் (1907)
- தாவரங்களின் உறுத்துணர்ச்சி பற்றிய ஆய்வுகள் (1913)
- தாவரச் சாறு ஏற்றத்தின் உடலியங்கியல் (1923)
- தாவரங்களின் நரம்பு இயங்கமைப்பு (1926)
- தாவரங்களின் அசைவு இயங்கமைப்பு (1928)